அமாவாசைக்கு மறுநாள் ஏறும் பால்

வந்த வேலை பட்டுப் புடவை. அக்கா மகளுக்குக் கல்யாணம். மலேசியாவில் எங்கள் ஊரான ஈப்போவின் கடைகளில் இருக்கும் அரக்குச் சிவப்பு எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பத்திரிகை அலுவலகத்தில் ஒரு வாரம் விடுப்பு சொல்லிவிட்டுக் காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினேன். வேறொரு காரணமும் இருந்தது. அங்கே பூங்கோதை இருக்கிறாள்.

தமிழ்நாட்டில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். தீவனப் பாடத்தில் அவளைவிட எனக்கு மதிப்பெண் அதிகம். தேர்வுக்கு முந்திய நாள் நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். இரண்டாம் ஆண்டு முடிவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், நான் மலேசியாவுக்குத் திரும்பினேன். ஒரு நாளிதழில் பிழை திருத்தச் சேர்ந்து, செய்தி எழுதி, அங்கேயே தங்கிவிட்டேன். அவள் படிப்பை முடித்தாள். இப்போது மேய்கிற மாடு எந்தப் புல்லைத் தின்கிறது, அதில் என்ன சத்து இருக்கிறது, நிலம் அதைத் தாங்குமா என்று ஆராய்கிறாள். நான் செய்திருக்க வேண்டிய வேலை அது. முப்பது ஆண்டுகளாக இப்படித்தான் நினைத்துவருகிறேன்.

முதல் நாள் பஸ் வாலாஜாபாத்தில் நின்றுவிட்டது. என்ஜினில் ஏதோ பட்டை அறுந்துவிட்டதாம். "இன்னொரு வண்டி வந்துக்கினே இருக்குதுமா" என்று நடத்துநர் சொன்னார். ஒரு மணி நேரமாகியும் அது வந்துகொண்டேதான் இருந்தது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு தனியாகிவிடுவார்கள். இங்கே பத்து நிமிடத்தில் ஒரு குடும்பமாகிவிட்டார்கள். பின் இருக்கைக்காரர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டினார். எனக்கு நீட்டியபோது, "எந்த ஊரு உனுக்கு? பேச்சு வேற மாதிரி இருக்குதே" என்றார். சொன்னேன். "அங்கயும் பஸ்ஸு நிக்குமா?" என்று கேட்டார்.

பூங்கோதைக்குப் போன் செய்தேன். ஸ்கூட்டரில் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது, சாயம் இல்லை. முழங்கைவரை வெயில் கறுப்பு. காலில் ரப்பர் பூட்ஸ். என்னைக் கட்டிக்கொண்ட கையோடு, அரிசி ஆலை வாசலில் நின்ற வைக்கோல் லாரியருகே போய் ஒரு பிடி உருவி மோந்து பார்த்தாள்.

"டாக்டரம்மா, எப்பிடி இருக்குது?" என்று ஓட்டுநர் கேட்டார்.

"நனைஞ்சதை அடியில வெச்சிருக்கீங்க. மாடு தொடாது."

அவர் ஏறிப் போய் அடியில் கையை விட்டுப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார். நான் செய்தி எழுதும் ஊரில் ஒருவரும் இப்படி வந்து என்னிடம் எதையும் காட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டதில்லை. அன்றைய குறிப்பேட்டில் முதல் வரியாக எழுதினேன்: பூ. மெலிந்திருக்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

இரண்டாம் நாள் காலை கோயில் இட்லி. மந்தாரை இலையில் வேகவைத்தது. மிளகும் சீரகமும் சுக்கும் பல்லில் தட்டுப்பட்டன. ஒரு துண்டு போதும், மதியம்வரை பசிக்காது. எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், சாப்பிட்டால் எனக்கு வரும் தூக்கம் இதில் வரவில்லை. பூங்கோதை இரண்டு துண்டு சாப்பிட்டாள். அவளுக்கு மட்டும் அது உடம்பில் ஒட்டுவதில்லை.

பிறகு பட்டுக்கடை. நான் புடவைகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது விற்பனைப் பெண்கள் இருவர் தெலுங்கில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டாளாம். "என்ன சொன்னார்கள்?" என்று கேட்டேன். "இந்தம்மா சேலையைத் தொடறதைப் பார்த்தா, வாங்க வந்தவங்க மாதிரி இல்ல, சோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி இருக்குன்னாங்க." அரக்குச் சிவப்பை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். ஒரே நிமிடத்தில். அக்கா மகளுக்குப் படம் அனுப்பினேன், உடனே சம்மதம் வந்தது.

மாலையில் நிலத்தைக் காட்ட அழைத்துப் போனாள். சின்ன காஞ்சிபுரத்தை ஒட்டி, ஆற்றைத் தாண்டினால் ஒரு மேய்க்கால் புறம்போக்கு. ஊர் மாடுகள் மேய அரசு விட்டுவைத்திருக்கும் பொது நிலம் அது. எங்கள் பக்கம் மாடுகள் எண்ணெய்ப்பனை மரங்களுக்கு அடியில் மேயும். மழை நிற்காத ஊர் என்பதால் புல் தானாக வரும், யாரும் அதை நினைத்துக் கவலைப்பட்டதில்லை. பூங்கோதை இங்கே வந்த முதல் ஆண்டு இந்த நிலம் கட்டாந்தரையாக இருந்ததாம். மாடுகள் வேரோடு கடித்து வைத்திருந்தன. அவள் அதை முள்வேலி போட்டு இரண்டாகப் பிரித்தாள். ஒரு பாதியில் மாடு மேயும்போது மறுபாதி ஓய்வெடுக்கும். மாதம் ஒருமுறை மாற்றுவார்கள். இடையிடையே முயல் மசால் விதை தூவியிருந்தாள். பயறு வகைச் செடி, மாட்டுக்கு நல்ல புரதம். கொழுக்கட்டைப் புல் முழங்காலுக்கு வந்திருந்தது.

"இது போகப்போகுதுடீ" என்றாள். கோயில் திருவிழாவுக்கு வரும் பஸ்களை நிறுத்த இடம் கேட்கிறார்கள். இந்த நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை. நாளை மறுநாள் அதிகாரி ஒருவர் நேரில் வருகிறார். மேய்ச்சலால் மாட்டுக்காரர்களுக்கு உண்மையிலேயே பலன் என்று இவள் காட்டிவிட்டால் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். இல்லையென்றால் மண்ணைக் கொட்டிச் சமன்செய்துவிடுவார்கள்.

"காட்ட என்ன இருக்கிறது?"

மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். சோதனையில் இருபத்திரண்டு மாடுகள். ஒவ்வொன்றின் காதிலும் எண் போட்ட மஞ்சள் வில்லை. வேலி மாற்றுவதற்கு முந்திய நாளும் மாற்றிய மறுநாளும் காலையில் எல்லா மாட்டின் பாலையும் அளக்கிறாள், சாணத்தைச் சோதிக்கிறாள். வரைபடத்தில் பாலின் கோடு ஒவ்வொரு மாதமும் ஒரே இடத்தில் எழும்பியது. புதுப் புல்லுக்குள் மாடு போன மறுநாள் பால் ஏறுகிறது. ஒரு மாதம்கூடத் தப்பவில்லை. அழகான படம். நான் இத்தனை ஆண்டு அச்சில் பார்த்த எந்தப் படத்தையும்விட அழகு. எனக்கு வயிறு எரிந்தது.

மூன்றாம் நாள் அமாவாசை. அன்றுதான் வேலி மாற்றுவார்கள். ஏன் அமாவாசை என்று கேட்டேன். "அன்னிக்குத் தறி ஓடாது" என்றாள் செல்வி. இருபத்திரண்டில் நான்கு மாடு அவளுடையது. அவள் வீட்டில் தறி இரண்டு. நெசவாளர் வீடுகளில் அமாவாசை விடுமுறை. மாதத்தில் அன்று ஒரு நாள்தான் எல்லா வீட்டிலிருந்தும் கை கிடைக்கும். விடிந்ததும் இருபது பேர் வந்துவிட்டார்கள். கருவேல முள்ளைக் கவைக்கோலால் தூக்கித் தூக்கி நகர்த்தினார்கள். முனுசாமி என்பவர் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறவர், இரண்டு மாடு வைத்திருக்கிறார். அவர் பூங்கோதையிடம், "டாக்டரம்மா, நீ தள்ளிக்கோ, போன தபா மாதிரி சேலைய முள்ளுக்குக் குடுத்துட்டுப் போவாத" என்று கத்த, இவள் பதிலுக்கு அவருடைய லுங்கியைப் பற்றி ஏதோ சொல்ல, மொத்தக் கூட்டமும் சிரித்தது.

நானும் ஒரு கோலை எடுத்தேன். ஐந்தாவது நிமிடம் கட்டைவிரலில் முள் ஏறியது. "நீ போய் காபி குடிச்சுட்டு வாமா, விருந்தாளி" என்று செல்வி கோலைப் பிடுங்கிக்கொண்டாள். விருந்தாளி என்ற சொல் முள்ளைவிட அதிகமாக வலித்தது.

கோயில் தெருவுக்குத் திரும்பினேன். குளக்கரையில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஈர வேட்டியோடு கூட்டம் வந்துகொண்டிருந்தது. ஓரத்தில் வரிசையாக மாடுகள். காதில் மஞ்சள் வில்லைகள். மற்ற நாட்களில் ஆறு மணிக்கெல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விடும் மாடுகள் இவை. இன்று உடையவர்கள் வேலி மாற்றப் போயிருந்ததால் தெருவிலேயே கட்டிக் கிடந்தன. எதிரே ஒரு பெண் அகத்திக்கீரைக் கட்டுகளைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கட்டோ இரண்டோ வாங்கி மாட்டின் வாயில் கொடுத்துத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

நானும் அப்பாவை நினைத்து ஒரு கட்டு வாங்கினேன். அதை வாயில் வாங்கிக்கொண்ட மாட்டின் வில்லை எண் பதினான்கு. அது நிதானமாக மென்றது. மெல்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கல்லூரியில் படித்தது அப்படியே நினைவுக்கு வந்தது. அகத்தி இலையில் புரதம் ஏராளம். சாதாரணப் புல் பக்கத்தில் நிற்காது.

குறிப்பேட்டை எடுத்தேன். எட்டே காலிலிருந்து ஒன்பது மணிவரை அங்கேயே நின்று எண்ணினேன். வில்லை போட்ட மாடுகள் பதினேழு. பதினான்காம் எண் மட்டும் முக்கால் மணி நேரத்தில் பதினொரு கட்டு தின்றது. "அமாவாசன்னா இதுங்களுக்கு விருந்துமா" என்றாள் கீரைக்காரி. "சும்மா நாள்ல நாலு கட்டுகூட விக்காது."

பத்து மணிக்குச் செல்வி மாட்டை அவிழ்க்க வந்தாள். "இதெல்லாம் பூங்கோதைக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எதுமா?"

"இந்தக் கீரை."

"நீங்க வீட்ல இன்னா போட்டீங்கன்னுதானே கேப்பாங்க? வைக்கோலு, தவுடு, சொல்லிடுவோம். கீரைய நாங்க எங்க போட்டோம்? சாமிக்கு வர்றவங்க போடறாங்க. அது அவுங்க புண்ணியம்." மாட்டின் கழுத்தைத் தட்டினாள். "அத்த எப்பிடி நம்ம கணக்குல எழுதறது?"

ஆக, வேலி மாறும் நாளும் கீரை விழும் நாளும் ஒன்று. அந்த நேரத்தில் பூங்கோதை மேய்க்காலில் இருப்பாள், மாடு தெருவில் இருக்கும். மறுநாள் ஏறும் பால் புல்லாலா கீரையாலா என்று அவள் படம் சொல்லாது. ஐந்து ஆண்டு இந்த ஊரில் இருந்தும், இவள் கேட்டது தவறான கேள்வி. கேள்வி கேட்பது என் தொழில். அன்று காலை எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து எழுத விரும்பவில்லை. தெருமுனையில் பாய் கடையில் தேநீர் குடித்தேன். நன்றாக இருந்தது. இன்னொன்றும் குடித்தேன்.

மதியம் பூங்கோதை பிரியாணி வாங்கி வந்திருந்தாள். மறுநாளுக்கான படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்தாள். "கோடு நல்லா தெரியுதா?" என்று கேட்டாள். "நன்றாகத் தெரிகிறது" என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மதியம் முழுவதும் அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. அதைக் கைவிட மனம் வரவில்லை.

நான்காம் நாள் காலை பால் அளந்துவிட்டு வந்தாள். வழக்கம்போல ஏறியிருந்தது. முகமெல்லாம் வெளிச்சம். தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன். அதிகாரி வர இரண்டு மணி நேரம் இருந்தது. இரக்கப்பட்டுச் சொன்னேன் என்று சொல்லமாட்டேன். அவள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க வேண்டியிருந்தது.

முகம் மாறவில்லை. சுருட்டிய தாளைக் கீழே வைத்தாள்.

"எத்தனை மாடு?"

"பதினேழு."

"வில்லை எண் எழுதினியா?"

"எல்லாம்."

"பதினேழுல ஒவ்வொண்ணும் எத்தனை கட்டு?"

"பதினான்காம் எண் மட்டும் முழுசாக எண்ணினேன். மற்றது தோராயம்."

"குடு."

குறிப்பேட்டை வாங்கிப் படித்தாள். நின்றபடியே இரண்டு முறை படித்தாள். பிறகு அன்று காலையின் பால் அளவுகளோடு ஒப்பிட்டாள். தெருவில் இல்லாத ஐந்து மாடுகளின் பாலும் ஏறியிருந்தது, ஆனால் கொஞ்சம்தான். "ஐயோ" என்றாள், மெதுவாக. எப்போது பார்த்தாய், ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். கேட்கவில்லை.

மேய்க்காலில் மாட்டுக்காரர்கள் கூடியிருந்தார்கள். அதிகாரி குடைக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், அடிக்கடி கடிகாரம் பார்த்தார். பூங்கோதை தாளை விரித்தாள். பிறகு, "சார், இந்தப் படம் தப்பு" என்றாள்.

கீரை, தெரு, அமாவாசை, எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை.

முதலில் வெடித்தவர் முனுசாமி. "இன்னாமா நீ! நம்ம சோத்துல நீயே மண்ணள்ளிப் போடற? அவுரு கேட்டாரா உன்னிய?"

"ஒரு வருசமா முள்ளு குத்திக்கினு வேலி மாத்தினோம். இப்ப வந்து தப்புன்ற" என்றாள் செல்வி. "கீரைய கேட்டிருந்தா சொல்லியிருப்பமே! கேக்காதது ஒன் தப்பு."

"என் தப்புதான் செல்வி."

"இன்னொரு தபா சொல்லு."

"என் தப்புதான்."

அதிகாரி எழுந்துகொள்ளப் பார்த்தார். "அப்போ காட்ட ஒண்ணும் இல்லைங்களா?"

"பால் கணக்கு இல்ல சார். புல் கணக்கு இருக்கு." அவரை நிலத்துக்குள் அழைத்துப் போனாள். மாட்டின் வாய் படாதபடி அங்கங்கே கம்பிக் கூண்டுகள் வைத்திருந்தாள். ஓரடிக்கு ஓரடி இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, உள்ளே இருந்த புல்லை அரிந்து தராசில் போட்டாள். ஓய்வெடுத்த பாதியில் ஒரு பிடி, வேலிக்கு வெளியே எப்போதும் மாடு மேய்கிற ஓரத்தில் ஒரு பிடி. அதிகாரி இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தார். ஓரத்துப் பிடி அவர் உள்ளங்கையை நிரப்பவில்லை.

"புல்லு அகத்தி தின்னாது சார்" என்றாள் பூங்கோதை. "இது இந்த நிலம் தானா கொடுத்தது. இதைத் தின்னா எவ்வளவு பால் ஏறும்னு எனக்கு இப்ப தெரியாது. தெரிஞ்சுக்க நாள் குடுங்க."

"மாட்டை அன்னிக்கு ஒரு நாள் வீட்டுக்குப் பின்னாடி கட்டிட்டா போச்சு" என்றார் அவர்.

செல்வி சிரித்துவிட்டாள். "அமாவாசைக்கு மாட்டை ஒளிச்சு வெச்சா ஊரு வுடுமா சார்? கீரையோட வீட்டுக்கே வந்துடுவாங்க."

வேறு நாளில் வேலி மாற்ற வேண்டும். எந்த நாள்? பௌர்ணமி என்றார் ஒருவர். அன்றும் கீரை விழும். வெள்ளிக்கிழமை? அன்றும் விழும். "செவ்வாக்கெழம" என்றார் முனுசாமி. "அன்னிக்கு எவனும் எந்த நல்ல காரியமும் பண்ண மாட்டான்."

 ஆனால் செவ்வாய் தறி ஓடும் நாள். கரையும் உடலும் கோத்து நெய்கிற சேலைக்குத் தறியில் இருவர் உட்கார வேண்டும். ஒருவர் வேலிக்கு வந்தால் மற்றவருக்கும் வேலை நின்றுவிடும். அரை நாள் போகும். பூங்கோதை யாரையும் வரச் சொல்லிக் கேட்கவில்லை. முகங்களை மட்டும் பார்த்தாள். அவள் கெஞ்சியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

"நான் வர்றேன்" என்றாள் செல்வி. "எங்க வூட்டுத் தறி நிக்கட்டும். அவுரு கத்துவாரு, கத்தட்டும்." பூங்கோதையைப் பார்த்து விரலை நீட்டினாள். "இந்த தபாவாச்சும் ஒழுங்கா கேள்வி கேளு." பிறகு இன்னொருத்தி. பிறகு முனுசாமி, "எனக்குத் தறியே இல்லியே, நான் வராம எங்க போவறது" என்றார்.

அதிகாரி ஆறு மாதம் கொடுத்தார். இரண்டு ஆண்டு இல்லை, ஆறு மாதம். அதுவும் எழுத்தில் வரும் என்றார். போகும்போது, "இதைக் கண்டுபிடிச்சது யாரு?" என்று கேட்டார். பூங்கோதை என்னைக் காட்டினாள். "இவதான் சார். மாலா. என்கூடப் படிச்சவ. தீவனத்துல என்னைவிட கெட்டி."

முனுசாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, மலேசியாவுல மாடே இல்லியா? அங்கேர்ந்து ப்ளேன் புடிச்சு வந்து எங்க மாடு தின்றத எண்ற?" எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பூங்கோதையைச் சூழ்ந்துகொண்டு மறுபடியும் திட்டத் தொடங்கினார்கள். திட்டிக்கொண்டே யாரோ அவளுக்கு மோர் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு தம்ளர் வந்தது, விருந்தாளிக்குரிய மரியாதையோடு, யாரும் திட்டாமல்.

ஊர் திரும்பி ஐந்தாவது வாரம் அவள் போன் செய்தாள். செவ்வாய்க்கிழமை வேலி மாற்றி, புதன்கிழமை பால் அளந்திருக்கிறாள்.

"முன்ன காட்டினதுல பாதிகூட இல்லடீ" என்றாள். "ஆனா ஏறியிருக்கு. சின்னதா. இது மொத்தமும் புல்லோட பால். வேற எதுவும் இல்ல இதுல." அவளுக்கு மூச்சு வாங்கியது. மேய்க்காலிலிருந்து பேசுகிறாள் போல. பின்னால் செல்வியின் குரல் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தது.

வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்தேன். என் செய்திகளும் எத்தனையோ முறை தவறாகப் போயிருக்கின்றன. மறுநாள் உள்பக்கத்தில், கீழ் மூலையில், சின்ன எழுத்தில் ஒரு திருத்தம் வரும். யார் கண்ணிலும் படாமல் போக வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே அதை எழுதுவேன். இவள் தன் திருத்தத்தை வெயிலில் நின்று, அதனால் நிலத்தையே இழக்கக்கூடியவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொன்னாள். இப்போது பாதிக்கும் கீழே குறைந்துபோன ஓர் எண்ணை எனக்குச் சொல்லும்போது அவள் குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. சரியாக வந்த எந்தச் செய்தியையும் நான் அந்தக் குரலில் யாருக்கும் சொன்னதில்லை.